நிர்பயா நிதிக் கேமராக்கள்: பெங்களூரில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அல்சூர்வாசி
என் மாமியாரின் தாலிச் சங்கிலியை அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருவர் பறித்துச் சென்றனர். அந்த இடத்திலேயே, நிர்பயா நிதியில் நடக்கும் பாதுகாப்பான நகரத் திட்டத்தின் கேமராக் கம்பம் நிற்கிறது. புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் முதலில் சொன்னது, "எதிரே உள்ள நகைக்கடையில் பதிவு இருக்கிறதா என்று கேட்டு வாருங்கள்" என்பதுதான். கடைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கழுத்தைப் பிடித்தபடி தாம் தரையில் உட்கார்ந்ததை மாமியார் அதில் பார்த்தார். பிறகு இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். திருடன் முகத்தைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். தமக்குத் தண்ணீர் கொடுத்த பெண் யார் என்று தெரிந்துகொள்ளவே அவர் கேட்டிருக்கிறார். பெண்களின் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கிய நிதியில் நிறுத்திய கம்பம் வாசலில் இருக்க, எங்களுக்கு உதவியது ஒரு கடைக்காரர் தம் சொந்தச் செலவில் வைத்த கேமரா. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேபிள் பணியாளர், ஸ்ரீராமபுரம்
அக்கா, இத்திட்டத்தில் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கும் துணை ஒப்பந்தக் குழு ஒன்றில் நான் வேலை செய்தேன். கம்பம் நடுவதும் கேமராவைப் பொருத்துவதும் எளிது. சாலையைத் தோண்ட அனுமதி வாங்குவதும், மின் இணைப்புப் பெறுவதும், பதித்த கேபிளை அடுத்த துறையின் பொக்லைன் அறுத்துவிடாமல் காப்பதுமே உண்மையான வேலை. ஒரு சந்திப்பில் நாங்கள் முடித்துக் கொடுத்த சில வாரங்களிலேயே வடிகால் பணிக்காகத் தோண்டியவர்கள் இணைப்பை அறுத்துவிட்டார்கள். அங்கே பூ விற்கும் பாட்டி, மாலையில் குடித்துவிட்டு வருபவர்களின் தொல்லைக்குப் பயந்து, தம் கூடையைக் கேமராவுக்கு நேர் கீழே மாற்றி வைத்திருந்தார். படம் எங்கும் போகவில்லை என்று நான் விளக்கிச் சொன்னேன். "விளக்கு எரிகிறதே தம்பி" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மின்சாரம் இருந்ததால் விளக்கு எரிந்தது. இணைப்பைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்று இரு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

ஓய்வுபெற்ற கணக்கர், பானசவாடி
முதல் பதிவில் உள்ள கோபம் நியாயமானதே. ஆனால் பணத்தின் வழியைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்பட்டால் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது. 2013-14 வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதியை அறிவித்தார். பின்னர் அதிலிருந்து டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், லக்னோ ஆகிய 8 நகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் ஒப்புதல் பெற்றது. பெங்களூருக்கு ஒப்புதலான தொகை 667 கோடி ரூபாய். அதில் நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசுடையது, 40 பங்கு மாநில அரசுடையது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், கேமரா வேலை செய்கிறதா என்பதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

என் அனுபவம் சிறியது. வேறொரு துறையில் மத்திய மானியக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்த பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது என்பதால், ஒவ்வொரு மார்ச் மாதமும் 'எத்தனை நிறுவினீர்கள்' என்ற கேள்வி மட்டுமே கோப்புகளில் ஓடியது. வாங்கிய கருவிகள் பெட்டி பிரிக்காமல் கிடந்த அறை ஒன்றைக் காட்டி, அவற்றை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று இளம் எழுத்தர் ஒருவர் என்னிடம் கேட்டார். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

எனவே நண்பர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். கர்நாடக விதிகளின்படி ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றியும் 150 சொற்களுக்குள்ளும் இருக்கவேண்டும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பலர் நிராகரிப்புக் கடிதம் வாங்குகிறார்கள். 'ஏன் கேமரா ஓடவில்லை' என்று காரணம் கேட்காதீர்கள். உங்கள் காவல் நிலைய எல்லையில் எத்தனை கேமராக்கள், சென்ற மாதம் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் இயங்கின, இயங்காத நேரத்துக்கு ஒப்பந்தக்காரரிடம் பிடித்த தண்டத் தொகை எவ்வளவு என்று பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் சில ஆண்டுப் பராமரிப்பையும் சேர்ப்பது வழக்கம். அந்தக் காலம் முடிந்தபின் செலவை ஏற்பது யார் என்பதையும் தனி விண்ணப்பமாகக் கேட்கவேண்டும்.

இரவுப்பணிச் செவிலி
ஐயா, உங்கள் படிவத்தில் இடமில்லாததால் தெருவிலும் பயனில்லை என்று படிப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். பணி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, ஒருவன் இரு சக்கர வண்டியில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். அருகில் இருந்த அவசர அழைப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். கன்னடத்தில் ஒரு பெண் குரல், "நீங்கள் தெரிகிறீர்கள், விளக்குக்குக் கீழேயே நில்லுங்கள்" என்று சொன்னது. அந்தக் குரல் கேட்டவுடன் அவன் போய்விட்டான். பிறகு காவல்துறையின் ஹொய்சளா ரோந்து வண்டியும் வந்தது. அந்தப் பெட்டியும் இதே நிதியில் வந்ததுதான். மறுமுனையில் விழித்திருந்த ஒரு பெண்ணால்தான் அது எனக்குப் பயன்பட்டது. அவருடைய சம்பளம் எந்தத் தலைப்பில் வருகிறது என்று முதலில் கேளுங்கள், கம்பங்களின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், சிவாஜிநகர்
கடைக் கேமராவை வெறும் தற்செயலாக எண்ணவேண்டாம். மக்கள் பெருமளவில் கூடும் நிறுவனங்கள் கேமரா பொருத்தி 30 நாள் பதிவைச் சேமிக்கவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதாவது அரசு மானியத்துக்கு வெளியேயும் தனியார் செலவில் ஒரு வலை இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் நிற்க, கேமராவைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். இதைச் சொல்வது முன்பு சாட்சியச் சட்டம் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டத்தின் 63ஆம் பிரிவு. நான் பார்த்த ஒரு வழக்கில் படம் தெளிவாக இருந்தும், கடை கைமாறியதால் கையெழுத்திட ஆள் கிடைக்கவில்லை. அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வராந்தாவில் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்த புகார்தாரரின் முகம் எனக்கு மறக்கவில்லை. சகோதரி, அந்த நகைக்கடைக்காரர் பதிவை அழிக்கும் முன், அதைப் பாதுகாக்கவேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்சூர்வாசி
கடைக்காரர் பதிவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், கையெழுத்திடவும் ஒப்புக்கொண்டார். ஒப்புகையை நாளை கேட்கப் போகிறோம். பானசவாடி ஐயா சொன்ன 150 சொல் விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதித் தர இங்கே யாராவது முன்வருவீர்களா? எங்கள் தெருக் கம்பத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.