1,39,83,816: டோட்டோ எண்ணில் குரு குடியிருக்கிறாரா?

தோ பாயோ அண்ணாச்சி:
சிங்கப்பூர் டோட்டோ லாட்டரியில் 49 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 1,39,83,816 வழிகள். (ஊர்க் கணக்கில் கோடி, இங்கே ஏறத்தாழ 14 மில்லியன்.) இலக்கங்களைக் கூட்டினால் 39, பிறகு 12, பிறகு 3. எண் சோதிடத்தில் குருவின் எண்! 49-க்குள் கூட்டுத்தொகை 3 வருபவை 3, 12, 21, 30, 39, 48. சரியாக ஆறு! தற்செயல் என்று சொல்லாதீர்கள். இன்று வரிசையில் நின்று ஒரு வெள்ளி கட்டிவிட்டேன்.

ஈசூன் கணக்காசிரியை:
அண்ணாச்சி, இப்படிக் கூட்டிக்கொண்டே போவது ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதுதான். 49-ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 4. அதனால் 1, 2, 3, 4 ஆகிய நான்குக்கும் ஆறாறு எண்கள் அமைகின்றன. 1, 2, 4-க்குரிய சூரியன், சந்திரன், ராகு மூவரும் என்ன பாவம் செய்தார்கள்?

2014-இல் ஆட்டம் மாறும்வரை 45 எண்கள்தான். அப்போது 81,45,060 வழிகள். கூட்டினால் 24, பிறகு 6. அதாவது சுக்கிரன். ஆனால் 6 வருபவை 6, 15, 24, 33, 42 மட்டுமே. சுக்கிரனை நம்பியவர் ஆறாவது எண்ணை எங்கே போய்க் கடன் வாங்குவார்?

ஜூரோங் தம்பி:
அக்கா சொல்வது சரி. இந்த எண்ணில் அதிசயம் எதுவும் இல்லை. 49×48×47×46×45×44-ஐ 720-ஆல் வகுத்தால் வருவது. பகா எண்களாகப் பிரித்தால் 2³×3×7²×11×23×47. மொத்தம் 192 வகுஎண்கள். 47 தொகுதியிலேயே நிற்கிறது, 23 வந்தது 46-இலிருந்து. அவ்வளவுதான்.

ஈசூன் கணக்காசிரியை:
அவ்வளவுதானா? இங்கே உங்களோடும் உடன்பட மாட்டேன், தம்பி. 49-ஆல் மீதியின்றி வகுபடுவதை வகுக்காமலே காட்டலாம். 49 எண்களையும் ஒரு வட்டமாக எழுதுங்கள். அண்ணாச்சியின் ஆறையும் ஒரு படி நகர்த்தினால் 4, 13, 22, 31, 40, 49. இன்னொரு படி நகர்த்தினால் 49 சுற்றி வந்து 1 ஆகும்: 1, 5, 14, 23, 32, 41. இப்படியே போனால் 49-ஆவது படியில்தான் பழைய ஆறு திரும்பும். அதற்கு முன்னால் திரும்ப வேண்டுமானால் தேர்ந்தெடுத்தவற்றின் எண்ணிக்கை ஏழின் மடங்காக இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ ஆறு. ஆகவே எல்லாச் சீட்டுகளும் 49 கொண்ட கட்டுகளாகப் பிரிந்துவிடும். மிச்சமே இராது. இதை அழகில்லை என்பீர்களா?

ஜூரோங் தம்பி:
அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சி, ஒவ்வொரு சீட்டுக்கும் வாய்ப்பு ஒன்றேதான். உங்கள் ஆறு எண்கள் விழுந்தாலும், இதே குரு கணக்கைப் போட்ட அத்தனை பேருடனும் முதல் பரிசைப் பங்கு போட வேண்டும்.

தோ பாயோ அண்ணாச்சி:
பங்கு போட எனக்குத் தயக்கமில்லை. வட்டமும் கட்டும் புரிந்தது, நன்றி அம்மா. ஆனால் குலுக்கல் வியாழக்கிழமை. அது யாருடைய நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஈசூன் கணக்காசிரியை:
திங்கட்கிழமையும் குலுக்கல் உண்டு, அண்ணாச்சி.

தோ பாயோ அண்ணாச்சி:
அதற்குத்தான் 2, 11, 20, 29, 38, 47 இருக்கிறதே. ஆறு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!