தேங்காய் என் கையிலும் எழுந்து நின்றது: நான்காவது போர்வெல் போடலாமா?

முத்தூர்க் கணக்கு ஆசிரியை எழுதியது:

வணக்கம். வெள்ளகோவிலுக்கும் முத்தூருக்கும் நடுவே எங்களுக்கு ஆறு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் எட்டாத நிலம். என் அப்பாரு காலத்தில் 70 அடிக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து ராகியும் பருத்தியும் எடுத்தார்களாம். இன்று அந்தக் கிணற்றில் புறாக்கள்தான் குடியிருக்கின்றன. 2003-இல் போட்ட 420 அடி போர் பத்து ஆண்டு ஓடி நின்றுவிட்டது. 2017 கோடையில் தென்னை கருகியபோது 860 அடி போட்டோம். புழுதியைத் தவிர எதுவும் வரவில்லை. 2019-இல் 1,050 அடி. அதில் இப்போது மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. கடைசி இரண்டுக்கும் அம்மாவின் நகைகள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. ஒரு ஜோடி வளையல் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

இப்போது நான்காவதுக்கு அப்பா தயாராக இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தபடி காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஈசானிய (வடகிழக்கு) மூலையில், கிளுவை வேலிக்கு நாலு முழம் உள்ளே வந்ததும் தேங்காய் மெல்ல எழுந்து செங்குத்தாக நின்றது. 1,200 அடிக்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் என்றார். என் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்திருப்பார் போல. "அம்மிணி, நீங்களே பிடித்துப் பாருங்கள்" என்று தேங்காயை என் கையில் வைத்தார்.

என் கையிலும் எழுந்து நின்றது. நான் விரலை அசைக்கவில்லை. இரண்டாம் முறையும் நின்றது. இருபது வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அவர் ஏமாற்றுக்காரர் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். என் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) வேண்டியவர், வெற்றிலை பாக்கோடு கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறவர். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒன்றும் செய்யாத என் கையில் அது எப்படி எழுந்தது? சில மனிதர்களுக்கு அப்படி ஒரு சக்தி உண்டு என்றால் எனக்கும் அது இருக்கிறதா? இல்லை என்றால் அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

மூலனூர் விவசாயி எழுதியது:

அம்மிணி, உங்கள் கையில் நின்றதை நீங்களே ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கருவி வைத்துப் பார்த்தவர் அடியில் வெறும் பாறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதே காட்டில் வேப்பங்கவையை, அதாவது இரண்டாகப் பிரியும் வேப்பங்குச்சியைப் பிடித்து நடந்த ஒரு பெரியவர் காட்டிய இடத்தில் 310 அடியில் தண்ணீர் பீறிட்டது. பதினோரு வருடமாக என் எருமைகளும் நானும் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறோம்.

சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவன் சொல்லும் பொருளை, பூப்போட்டு உத்தரவு கேட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள்தான் அங்கே இருக்கும். அதை நம்பும் மண் இது. கண்ணுக்குத் தெரியாததை உணர்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள் ஒப்புக்கொள்ளாததால் அவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற நிலவியலாளர் எழுதியது:

நிலத்தடி நீர் ஆய்வில் இருபத்தாறு ஆண்டுகள் காடு காடாக அலைந்தவன் நான். முதலில் உங்கள் கைக்குப் பதில் சொல்கிறேன்.

படுத்திருக்கும் தேங்காய் நிலையற்றது. விரல் நுனிகளில் நீங்களே உணராத அளவு சாய்வு ஏற்பட்டாலும் அதன் எடை ஒரு பக்கம் சாய்ந்து எழுந்துவிடும். அந்தச் சாய்வைக் கொடுத்தது உங்கள் எதிர்பார்ப்பு. அவர் கையில் அந்த இடத்தில்தான் நின்றது என்று உங்களுக்கு முன்பே தெரியும் அல்லவா? வெறும் எண்ணமே தசையை அசைத்துவிடும் என்பதை 1852-இல் வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கிப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அதைச் சோதித்துக் காட்டினார். அப்போது லண்டனில் பலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை வைப்பார்கள், மேசை நகரும், ஆவி நகர்த்தியது என்பார்கள். ஃபாரடே கைகளுக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை இளகிய பசையால் அடுக்கி ஒட்டினார். மேசை தானாக நகர்ந்திருந்தால் கீழ் அட்டை முந்தியிருக்கும். முந்தியது மேல் அட்டை. கைகள்தான் தள்ளியிருந்தன. கை அசைவதைக் காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேசை நகர்வதே நின்றுபோனது. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உங்கள் நீரோட்டக்காரரும் சொல்லவில்லை. இதை உங்கள் அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். மற்றதை அதற்குப் பிறகு காது கொடுத்துக் கேட்பார்.

ஜெர்மனியில் இதைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 1987, 88-இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் 43 பேரை நடக்கவிட்டார்கள். மொத்தம் 843 முறை. சிலருக்குத் திறமை இருப்பதாக நடத்தியவர்கள் சொன்னார்கள். அதே எண்களை மீண்டும் ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குருட்டுவாக்கில் கிடைப்பதைவிட அதில் ஒன்றும் இல்லை என்று காட்டினார். 1990-இல் காசெல் நகரில் சுமார் 30 பேருக்குப் புதைத்த குழாயில் நீர் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. அதிலும் அதே முடிவு.

மூலனூர்க்காரரே, உங்கள் தண்ணீரை நான் மறுக்கவில்லை. நம் பக்கம் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். வெடிப்பைத் துளை தொட்டால் தண்ணீர், பத்தடி விலகினால் புழுதி. கருவி என்ன செய்கிறது? நான்கு கம்பிகளை அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை அளக்கிறோம். நீர் உள்ள உடைந்த பாறையில் மின்தடை குறையும். ஆனால் ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பு அதில் தெரியாமல் போகலாம். நானே தவறாகக் குறித்துக் கொடுத்து, ஒரு குடும்பம் வெறும் துளையைச் சுற்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை. வேப்பங்கவை பிடித்த பெரியவரும் மரம், புற்று, மேடு பள்ளம் எல்லாவற்றையும் அறுபது வருடம் பார்த்த கண்ணோடு நடந்திருப்பார். 6-ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் என்ற வானியல் அறிஞர் மரத்தையும் புற்றையும் வைத்துத்தான் நீர்க்குறி சொன்னார். அந்தக் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆசிரியை அவர்களே, கண்ணைக் கட்டிவிட்டு அவரை நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளி எழுதியது:

பதினெட்டு வருடம் போர் போடும் ரிக் வண்டியில் ஐந்து மாநிலம் சுற்றியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தேங்காய் நின்ற இடத்தில் மட்டுமே துளை போடச் சொல்கிறார்கள். நிற்காத இடத்தில் யாரும் போடுவதில்லை. அங்கே போட்டிருந்தால் வந்திருக்குமா என்று எப்படித் தெரியும்? தண்ணீர் வந்தால் பார்த்தவருக்கு வேட்டி, துண்டு, மாலை. வராவிட்டால் இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டீர்கள், இன்னும் நூறு அடி போயிருக்க வேண்டும் என்ற பேச்சு.

இன்னொன்று. பாதிக்கு மேல் ஈசானிய மூலையிலேயே குறி விழுகிறது. காட்டுக்கு எல்லைக்கல் நட்டது மனிதன். அந்த எல்லை பூமிக்கு அடியில் இருக்கும் பாறைக்கு எப்படித் தெரியும்? அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட ஒரு காட்டில், தம்பியின் ஈசானியம் அண்ணனுக்கு அக்கினி (தென்கிழக்கு) மூலை. வேறு வேறு ஆள் வந்து பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் என்ற இடத்தை மற்றவர் வறட்சி என்றார்.

போத்தனூர்க்காரர் எழுதியது:

எங்கள் ஊரில் வாழ்ந்த பி. பிரேமானந்தை இங்கே யாராவது நினைவு கூர வேண்டும். 1963-இல் இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத சூழலில் அபூர்வ சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978-இல் அவர் மறைந்த பிறகு அந்த அறைகூவலைத் தொடர்ந்து நடத்தியவர் பிரேமானந்த். 2009-இல் போத்தனூரிலேயே மறையும் வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. மந்திரம் என்று காட்டப்படுவதைத் தானே மேடையில் செய்து, பிறகு எப்படிச் செய்தேன் என்று பொறுமையாக விளக்குவார். உங்கள் நீரோட்டக்காரரிடமும் அந்தப் பொறுமையோடு பேசுங்கள்.

முத்தூர்க் கணக்கு ஆசிரியை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சோதித்தோம். இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கினேன். கேட்டதும் அவர், "எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான் அம்மிணி" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவின் துண்டால் கண்ணைக் கட்டினோம். என் தம்பி வாய் திறக்காமல் தோளைப் பிடித்து நடத்தினான். ஒவ்வொரு முறையும் வேறு மூலையிலிருந்து தொடங்கினோம். ஆறு நடை. ஆறு முறையும் தேங்காய் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் நான் ஒரு முளை அடித்தேன். டேப் வைத்து அளந்ததில், முதலில் குறித்த இடத்துக்கு மிக அருகில் விழுந்த முளையே 38 அடி தள்ளி இருந்தது. ஆறு இடத்திலும் தண்ணீர் இருக்கலாமே என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தம்பி அவரை ஈசானிய மூலைக் குறியின் மேலேயே இரண்டு முறை நடத்திச் சென்றிருந்தான். இரண்டு முறையும் தேங்காய் அசையவில்லை. துண்டை அவிழ்த்த பிறகு அதே இடத்துக்கு வந்தார். உடனே எழுந்து நின்றது.

அவர் முளைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாங்கிய பணத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். வெயிலில் நடந்ததற்குக் கூலி என்று சொல்லி அப்பா அதை வாங்கவில்லை. அம்மா மோர் கொடுத்தார். வெகுநேரம் திண்ணையில் அப்புச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூலனூர் அண்ணா, இது ஒரு காடு, ஆறு நடை, ஒரு மனிதர். உங்கள் பெரியவரைப் பற்றி இதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. சிவன்மலைக்குத் தைப்பூசத்துக்கு நாங்களும் போகிறவர்கள்தான். ஆனால் ஆண்டவன் பெட்டி முன்னால் நான் கைகூப்புகிறேன். அம்மாவின் வளையலை அடகு வைப்பதில்லை.

இந்த வருடம் புதுப் போர் வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். ரிக் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. 2019-இல் போட்ட 1,050 அடி போரில் கேசிங் குழாய் 60 அடி வரைதான் இறக்கியிருக்கிறோம். உள்ளே கல் சரிந்து வெடிப்பை அடைத்திருக்கலாம் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். கம்ப்ரசர் வைத்துக் கழுவிவிட்டால் தேறுமா? மோட்டாரை மேலே எடுத்து மறுபடி இறக்க எத்தனை நாள் ஆகும்?