உதவி: வட்டாரவாரியாக ஐபி பிரித்துச் சுருக்கிய பிறகு பாதி கிளைகள் கிடைக்கவில்லை

கணு_7: அவசரம். எங்கள் நெட்வொர்க்கில் 10.0.0.0/8 முகவரித் தொகுதியிலிருந்து நாலு வட்டாரத்துக்கும் தலா ஒரு /12 (அதைவிடச் சிறிய தொகுதி) கொடுத்து, ஒவ்வொரு வட்டாரத்தின் வழிகளையும் வெளியே ஒரே வரியாகச் சுருக்கினோம். ரூட்டிங் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) 1,140 வரியிலிருந்து 31 ஆனது. நேற்று ராத்திரி 2ஆம் வட்டாரத்தில் ஃபைபர் அறுந்தது. அப்போதிலிருந்து அங்கே பாதி கிளைகளுக்கு பிங் போகவில்லை. சுருக்குவதற்கு முன் இதே ஃபைபர் அறுந்தபோது எதுவும் ஆகவில்லை. என்ன செய்ய?

தடம்: ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறை எது, ஓஎஸ்பிஎஃப்பா, பிஜிபியா? சுருக்கம் எந்த ரூட்டரில் போட்டீர்கள்? வட்டாரத்துக்கு எல்லை ரூட்டர் எத்தனை? ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கருவி) எங்கே நிற்கிறது?

நிரலி: எம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகும் அதிகபட்ச அளவு) பாருங்கள். மாற்று வழியில் போகும்போது முதலில் அடிவாங்குவது அதுதான். டிஎஃப் பிட்டோடு (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) 1,472 பைட் பிங் போட்டுப் பாருங்கள்.

மூத்த_ரூட்டர்: சாதா பிங்கே போகவில்லை என்கிறார். கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். ஏரியா (ஓஎஸ்பிஎஃப்பில் நெட்வொர்க்கின் ஒரு பகுதி) பிளந்தால் சுருக்கம் என்ன செய்யும் என்பது பாலபாடம்.

கணு_7: ஓஎஸ்பிஎஃப். எல்லை ரூட்டர் இரண்டு: ஆ1, ஆ2. இரண்டிலும் ஏரியா 2-க்கு (2ஆம் வட்டாரம்) ரேஞ்ச், அதாவது சுருக்கக் கட்டளை, 10.32.0.0/12. ட்ரேஸ்ரூட் ஆ1-இல் நிற்கிறது. 3ஆம் வட்டாரத்திலிருந்து பார்த்தால் ஆ2-இல் நிற்கிறது, அங்கிருந்து கிடைக்காதவை வேறு கிளைகள்.

தடம்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஃபைபர் அறுந்ததில் ஏரியா 2 இரண்டு துண்டாகிவிட்டது. ஆனாலும் ஆ1, ஆ2 இரண்டுமே "மொத்த /12-உம் என்னிடம்" என்று அறிவிக்கின்றன. ஆ2 பக்கத்துக் கிளைக்கான பாக்கெட் ஆ1-க்கு வந்தால் அதற்குக் குறிப்பான வழி அங்கே இல்லை. ரேஞ்ச் போட்டதும் தானாக உருவான டிஸ்கார்ட் ரூட் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. முன்பு ஒவ்வொரு சப்நெட்டும் (சிறு முகவரித் தொகுதி) தனித்தனியாக வெளியே போனதால் பிழைத்தது.

இப்போதைக்கு ஆ1-இல் மட்டும் ரேஞ்சை எடுங்கள். அந்தப் பாதிக்குக் குறிப்பான வழிகள் வெளியே போகும், மிச்சம் /12 வழியாக ஆ2-க்குப் போய்விடும்.

நிரந்தரத் தீர்வுக்கு ஆ1–ஆ2 நடுவே ஏரியா 2-க்குள்ளேயே இன்னொரு இணைப்பு வேண்டும். நேரடி விலான் (மெய்நிகர் லேன்) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஜிஆர்ஈ டனல் (இருக்கும் நெட்வொர்க்குக்குள்ளேயே பாக்கெட்டைப் பொதிந்து அனுப்பும் இணைப்பு): எம்டியூ 1,476, காஸ்ட் (வழியின் விலை; குறைந்ததே தேர்வாகும்) 1,000. காஸ்ட்டை விட்டுவிட்டால் ஃபைபர் சரியான பிறகும் டிராஃபிக் டனலிலேயே ஓடக்கூடும்.

நிரலி: விர்ச்சுவல் லிங்க் (ஓஎஸ்பிஎஃப்பின் மெய்நிகர் இணைப்பு) போதாதா?

தடம்: போதாது. அது ஏரியா 0-ஐ (மற்ற ஏரியாக்களை இணைக்கும் முதுகெலும்பு) ஒட்டத்தான். மற்ற ஏரியா பிளந்தால் உதவாது.

பழைய_கேபிள்: இணையம் முழுக்கவே இப்படி இடவாரியாக முகவரி கொடுத்திருக்க வேண்டும். தொலைபேசி எண்ணுக்கு நடந்ததே! உலக பிஜிபி டேபிள் 9 லட்சம் வரியைத் தாண்டியிருக்காது.

மூத்த_ரூட்டர்: 1993-லேயே 194, 195 என்று தொடங்கும் முகவரித் தொகுதிகளை ஐரோப்பாவுக்கென்று ஒதுக்கினார்கள். வெளியே ஒரே /7 (இரண்டும் சேர்ந்த தொகுதி) ஆகத் தெரிய வேண்டுமென்றால், அதை அறிவிப்பவர் உள்ளே இருக்கும் அத்தனை நிறுவனத்துக்கும் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணு_7-இன் ஆ1 மாட்டிக்கொண்டது இதே இடத்தில்தான். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு சேவையாளர்கள் அந்த ஊரிலேயே இணைந்திருக்காவிட்டால் பொது முன்னொட்டு (இருவருக்கும் சேர்த்து அறிவிக்கும் முகவரித் தொகுதி) பொய்யாகிவிடும்.

பழைய_கேபிள்: ஊருக்கு ஊர் இணைப்பு முனையம் கட்டாயமாக்கினால்?

மூத்த_ரூட்டர்: போட்டியாளரின் வாடிக்கையாளருக்கு வரும் டிராஃபிக்கை யார் செலவில் சுமப்பது? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தடம்: இதற்குத் தனி இழை திறங்கள், தயவுசெய்து.

கணு_7: ஆ1-இல் ரேஞ்சை எடுத்தேன். எல்லாக் கிளைகளும் வந்துவிட்டன. டேபிள் இப்போது 168. டனல் இன்று இரவு. நன்றி.

தடம்: டனல் முனைகளின் லூப்பேக் முகவரிகளை (ரூட்டரின் நிலையான சொந்த முகவரி) ஏரியா 0-இல் வையுங்கள். ஏரியா 2-இல் வைத்தால் டனலுக்கான வழியே டனலுக்குள் போய், டனல் எழுந்து எழுந்து விழும். ஏற்கெனவே எங்கே இருக்கின்றன?