'பாயா கம்புட்' - தமிழில் என்ன?

கிள்ளான் (மலேசியா), மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தாவரக் கையேடு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மலாயில் 'பாயா கம்புட்' என்று ஒரு காடு வருகிறது. பாயா என்றால் சதுப்பு. அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்கு ஆட்டுக்கால்தான் ஞாபகம் வரும். கம்புட்டுக்கு 'முற்றா நிலக்கரி' என்று போட்டால் சுரங்கத்தைத் தேடுவார்கள்.

கோவை, தாவரவியல்:
கம்புட் சேறே இல்லை, அதுதான் சிக்கல். இலையும் வேரும் கட்டையும் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், சரியாக மட்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்தது. மலேசியாவின் சரவாக்கில் சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் வடியும், கையில் நார் நிற்கும். 'மட்காச் சதுப்பு' எனலாம்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், பிழையில்லை. ஆனால் சேற்று நிலத்துக்கு 'அள்ளல்' இருக்கப் புதிது எதற்கு? அள், அள்ளல், அளறு எல்லாம் ஒரே வேர் என்பேன். 'அள்ளற் பழனத்து அரக்காம்பல்' என்கிறது முத்தொள்ளாயிரம். செவ்வாம்பல் விரிந்ததை வெள்ளம் தீப்பிடித்ததாக நினைத்துப் பறவைகள் பதறுகின்றன. நீர் நிலத்தில் தீ! உங்கள் காட்டுக்கே பாடியது போல இல்லையா? அளறுக்கு நரகம் என்றும் பொருள், குறளில் பார்க்க.

சிங்கப்பூரிலிருந்து:
ஐயா, 1997-இல் இந்தோனேசியக் காட்டுத்தீயிலிருந்து வந்த புகையில் இருமியவன் நான், நரகம் பொருந்தும். ஆனால் அங்கே ஆம்பல் எரியவில்லை. அந்நாட்டின் கலிமந்தானில் இந்தச் சதுப்பில் நெல் போட வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், காய்ந்தது பற்றிக்கொண்டது. மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும். அப்புறம், 'அள்ளல்' என்றால் எங்கள் பிள்ளைகள் குப்பை அள்ளுவதைத்தான் நினைப்பார்கள்.

மதுரை:
பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதினால் மொழி எப்போது வளரும்?

கிள்ளான்:
ஐயா, வெள்ளிக்கிழமை! கையேட்டின் அட்டையில் இருப்பது 'பினாங் ராஜா' என்ற அந்தக் காட்டு மரம், தண்டின் உச்சி சிவப்பு மெழுகு மாதிரி இருக்கும். 'அரக்குப் பனை' சரியா?

கோவை:
அரக்கு சரி, பனை வேண்டாம். விசிறி ஓலை கண்ணில் நிற்கும். இதன் ஓலை கமுகு போல. மலாயிலும் பினாங் என்றால் கமுகுதானே. அதே காட்டில் வளரும், பனைக் குடும்பத்து முள்ளடர்ந்த கெலுபியையும் விட்டுவிடாதீர்கள். நம் தாளிப்பனை போல ஒருமுறை பூத்துக் காய்த்ததும் அந்தத் தண்டு பட்டுப்போகும்.

மதுரை:
அரக்காம்பல், அரக்குக் கமுகு. நான் முன்பே சொன்னேன்.

கிள்ளான்:
அனுப்பிவிட்டேன். 'மட்காச் சதுப்புக் காடு', 'அரக்குக் கமுகு'. கெலுபி கெலுபியாகவே இருக்கிறது. இங்கே அதன் காயை ஊறுகாயாகவே தின்கிறோம், பேர் மாற்றினால் யாருக்கும் தெரியாது.

மதுரை:
சரி, போனது போகட்டும். அடுத்த பதிப்பில் அள்ளலை ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.