போலோ 1.0 டிஎஸ்ஐ: கையில ஒன்றரை லட்சம் இருக்கு, எதெல்லாம் மாத்தினா உருப்படியா இருக்கும்?

பொள்ளாச்சி_டர்போ:

வணக்கம்ங்க. என்கிட்ட 2021 ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல் இருக்குதுங்க, 58,000 கிலோமீட்டர் ஆச்சு, இதுவரைக்கும் ஒரு போல்ட்டு கூட மாத்தல, எல்லாமே கம்பெனில வந்தபடியே இருக்கு. தினமும் பொள்ளாச்சில இருந்து கோயம்புத்தூர் போய்ட்டு வரணும், அதுபோக மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வால்பாறை ஏறிருவேன், ஆழியார்ல இருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம்.

வாரண்டி முடிஞ்சிருச்சுங்க. அதனால இத்தனை நாளா ஆசைப்பட்டத செய்யலாம்னு ஒரு கடைல கேட்டேன். அவங்க ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம மாத்தி பவர ஏத்தறது), கோன் ஃபில்டர், டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக் குழாய்), ப்ளோ ஆஃப் வால்வ் (மிச்ச டர்போ காத்த வெளிய விடறது), 17 இன்ச் அலாய், லோவரிங் ஸ்ப்ரிங் எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜா போட்டு கொஞ்சம் பேரம் பேசினா ஒன்றரை லட்சத்துக்குள்ள முடிச்சுத் தர்றோம்னு சொல்றாங்க. ரீமேப் மட்டும் பண்ணினாலே 110 பிஎஸ் பவர் இருக்கறது 135 வரைக்கும் போகும், டார்க் (இழுவை) 175 என்எம்ல இருந்து 230க்கு வரும்னு பேப்பர்ல எழுதியே குடுத்துட்டாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த வண்டிய இன்னும் அஞ்சாறு வருஷம் வச்சிருக்கணும், போலோவ இந்தியால நிறுத்திட்டாங்க, இதே மாதிரி இன்னொன்னு புதுசா வாங்க முடியாது. எதுக்கு காசு போடலாம், எதுக்கு போடக்கூடாதுன்னு டர்போ வண்டி வச்சு ஓட்டி அனுபவிச்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:

தம்பி, அந்தக் கடைக்காரரு குடுத்த லிஸ்ட்ட தலைகீழா புரட்டிப் பாருங்க. அதுல பிரேக்கும் இல்ல, டயரும் இல்ல, மலை ஏறி இறங்கற வண்டிக்கு முதல்ல வேண்டியதே அதுதானே.

நான் இருபது வருஷமா கொடைக்கானல் ரோட்ல வண்டி ஓட்றேன், ஒர்க்‌ஷாப் வேலையும் தெரியும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், டாட் 4 கிரேடு ஆயில் புதுசா இருக்கையில குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும், ஈரம் ஏறிப்போச்சுன்னா 155க்கே கொதிச்சிரும். மலை இறங்கையில டிஸ்க் காயும், அந்தச் சூடு காலிப்பர் (பேட அழுத்தற பாகம்) வழியா ஆயிலுக்குப் போயி குமிழி கட்டும், பெடல மிதிச்சா பஞ்ச மிதிச்ச மாதிரி உள்ள போகும் பாருங்க, அந்த ஒரு நொடிய நான் வத்தலக்குண்டு ரோட்ல அனுபவிச்சிருக்கேன், இன்னைக்கு நெனச்சாலும் உள்ளங்கை வேர்க்குது. நீங்க கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க? ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா நாளைக்கே மாத்துங்க. முன்பக்க பேடு கொஞ்சம் நல்ல காம்பவுண்டா பாத்து போடுங்க. பின்னாடி ட்ரம் தான், அத அப்படியே விட்டுறலாம்.

அடுத்தது டயரு. உங்க சைஸ் 195/55 ஆர்16ஆத்தான் இருக்கும். பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர் வரும். 17 இன்ச்சுக்கு 205/45 போட்டா 92 மில்லிதான், நம்ம ஊரு குழில இறங்கையில அந்த 15 மில்லி ரப்பர் இல்லாம ரிம்மு நேரா அடி வாங்கும். அதுபோக பெரிய ரிம்மு கனமா இருந்தா வண்டி மந்தமாத்தான் ஆகும், ரீமேப்புல வாங்குனத அங்க கொடுத்த மாதிரி. இருக்கற 16 இன்ச்லயே நல்ல டயரா நாலு மாத்துங்க. லோவரிங் ஸ்ப்ரிங்கும் அப்படித்தான், ஷாக் அப்சார்பர மாத்தாம ஸ்ப்ரிங்க மட்டும் குட்டையா போட்டா ஷாக்கு சீக்கிரம் போயிரும், ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். 58,000 ஓடிருக்குல்ல, ஷாக்க ஒரு தடவ செக் பண்ணுங்க, எண்ணெய் கசிஞ்சிருந்தா அதே ஹைட்டுல நல்ல ஷாக்கா மாத்தினாலே வண்டி புதுசாயிரும்.

கோன் ஃபில்டர் வேணாம். கம்பெனி ஏர்பாக்ஸ் முன்பக்கத்துல இருந்து குளிர்ந்த காத்த இழுக்குது, நீங்க அத கழட்டிட்டு பானட்டுக்குள்ள திறந்த ஃபில்டர வச்சா இன்ஜின் கக்கற சூட்டையே திரும்ப இழுக்கும். டர்போவோட விசில் சத்தம் நல்லா கேக்கும், அவ்வளவுதான். ப்ளோ ஆஃப் வால்வும் அதே கதை, ஒரு பிஎஸ் கூட ஏறாது.

ரீமேப்ப பத்தி எனக்கு அவ்வளவா சொல்லத் தெரியாது, பண்ணவங்க சொல்லட்டும்.

கிளட்ச்_வாசம்:

ரீமேப் பண்ணி பட்டவன் நான் சொல்றேன் ப்ரோ. என்னோட பழைய வண்டி 1.8 டர்போ பெட்ரோல், ஏழு கியர் ட்ரை கிளட்ச் ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸ் தாங்கறதே 250 என்எம், வண்டி ஷோரூம்ல இருந்து வரும்போதே சரியா 250 தான் குடுக்குது, அதாவது கொஞ்சம் கூட இடம் கிடையாது. எனக்கு ட்யூன் பண்ணவர் இத சொல்லவே இல்ல, நானும் கேக்கல, என் தப்புதான் அது. டார்க்க 300க்கு மேல தூக்கிட்டாரு. முதல் ஆறு மாசம் சொர்க்கம். அப்புறம் ஒரு நாள் தாம்பரம் பக்கம் சிக்னல்ல கிளம்பும்போது ஒரு அதிர்வு, பாத்திரக் கடைல யாரோ தட்டைத் தட்ற மாதிரி, அதோட தேங்கா நார் கருகற வாசம். கிளட்ச் பேக் மாத்த ஆன செலவு ரீமேப்புக்கு கொடுத்ததோட நாலு மடங்கு.

உங்க 6 ஸ்பீட் மேனுவல் எம்க்யூ200 குடும்பம், பேர்லயே இருக்கு பாருங்க, 200 என்எம்க்கு டிசைன் பண்ணது. கடைக்காரர் பேப்பர்ல எழுதிருக்கறது 230. உடனே கியர் உடைஞ்சிரும்னு சொல்லல, 230ல ஓட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா நீங்க அஞ்சாறு வருஷம் வச்சிக்கணும்னு சொல்றீங்க, அதுவும் மலை ஏத்தம் வேற. ரீமேப் பண்ணியே ஆகணும்னா டார்க்க 200 பக்கம் நிறுத்தச் சொல்லுங்க, மேல 4000 ஆர்பிஎம்க்கு அப்புறம் பவர நீட்டி விடச் சொல்லுங்க. நல்ல ட்யூனர்னா ஏன்னு கேக்காமயே புரிஞ்சுக்குவார். முடியாது சார், ஃபைல் இப்படித்தான் வரும்னு சொன்னா அது எங்கயோ வாங்கின ஃபைல், உங்க வண்டிக்கு எழுதினது இல்ல, எழுந்து வந்துடுங்க.

கிளட்ச் இப்பவே எப்படி இருக்குன்னு பாக்க அஞ்சாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல போய்ட்டு இருக்கும்போது ஆக்சிலேட்டர முழுசா மிதிங்க. ஸ்பீடு ஏறாம ஆர்பிஎம் முள்ளு மட்டும் விருட்டுனு ஏறிச்சுன்னா கிளட்ச் வழுக்குது, அதுக்கு மேல ரீமேப் பேச்சே வேணாம்.

பொள்ளாச்சி_டர்போ:

ரொம்ப நன்றிங்ணா ரெண்டு பேருக்கும். பிரேக் ஆயில் எப்ப மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, சர்வீஸ் பில்லெல்லாம் எடுத்துப் பாத்தேன், எதுலயும் காணோம். கிளட்ச் வழுக்கலைங்க, இன்னைக்கு உடுமலை ரோட்ல பாத்துட்டேன்.

அந்த டார்க்க அடக்கி வைக்கற விஷயம் எனக்கு தெரியவே தெரியாது. இன்னொன்னு கேக்கணும்ங்க, இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கறது) பெருசா போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, அது வேணுமா? அப்புறம் டவுன்பைப்ப பத்தி யாரும் சொல்லல.

ஈசிஆர்_த்ரீ_சிலிண்டர்:

அதே வண்டி, அதே இன்ஜின், சென்னை. 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதின ரீமேப்ல ரெண்டு வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், அதனால இன்டர்கூலர் பத்தி விளக்கமாவே சொல்றேன்.

நம்ம இன்ஜின்ல இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னாடி தொங்கறது கிடையாது, இன்ஜினுக்குள்ள காத்து போற இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே உக்காந்திருக்கு, தண்ணில குளிர்ற டைப். அந்தத் தண்ணிக்கு தனியா ஒரு சின்ன ரேடியேட்டர், தனியா ஒரு எலக்ட்ரிக் பம்ப். அதனால டீசல் வண்டிக்கு பண்ற மாதிரி பெரிய இன்டர்கூலர வாங்கி முன்னாடி மாட்டறது இதுல அவ்வளவு லேசான வேலை இல்ல, பைப்ப நீட்டினா பூஸ்ட் வர்றதும் லேட் ஆகும். அதுக்கு பதிலா இருக்கறத ஒழுங்கா வச்சுக்கோங்க. கூலன்ட் லெவல் சரியா இருக்கா, அந்த பம்ப் ஓடுதா, முன்னாடி ரேடியேட்டர்ல பூச்சியும் மண்ணும் அடைச்சிருக்கா, இதப் பாத்தாலே போதும். நான் ஒரு தடவ கழட்டிப் பாத்தேன், கீழ்ப் பாதி முழுக்க ஈசலோட இறக்கையா இருந்துச்சு.

உண்மையா உபயோகமான ஒரு பொருள் சொல்லட்டுமா, ஒரு நல்ல ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டர் டேட்டாவ படிக்கற கருவி) வாங்கி போன்ல இணைச்சு இன்டேக் காத்தோட வெப்பத்தையும் ஸ்பார்க் டைமிங் எவ்வளவு பின்னுக்குப் போகுதுங்கறதையும் பாருங்க. ஏப்ரல் மத்தியானம் ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல அரை மணி நேரம் நின்னுட்டு கிளம்பினா காத்து சூடு ஏறி, நாக் (இன்ஜின் தட்டறது) வராம இருக்க இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவே டைமிங்க இழுத்துக்கும், அப்ப நீங்க காசு கொடுத்து வாங்கின பவர்ல பாதி காணாமப் போயிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு அதே ரோட்ல அதே வண்டி பாயும். ரீமேப்புக்கு முன்னாடி ஒரு லாக் (ரீடர்ல பதிஞ்ச டேட்டா), பின்னாடி ஒரு லாக் எடுத்து வச்சுக்கோங்க, ட்யூனர் சொல்றது நெசமான்னு அதுல தெரிஞ்சிடும்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. 95க்கு எழுதின மேப்னா 95 தான் போடணும், அதுக்குக் குறைஞ்ச ஆக்டேன் போட்டுட்டு மலை ஏறக்கூடாது, பொள்ளாச்சிலயே டேங்க ரொப்பிட்டு கிளம்புங்க. இன்னொன்னு, ஆறாவது கியர்ல 1500 ஆர்பிஎம்ல உருட்டிட்டு இருக்கும்போது அப்படியே தரையோட மிதிக்காதீங்க. இந்த மாதிரி சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்ல ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கற பிரச்சினை அந்த இடத்துலதான் வரும், பிஸ்டனயே உடைக்கும், ட்யூன் பண்ணப்புறம் அந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி. கியர இறக்கிட்டு மிதிங்க. இன்ஜின் ஆயில் ஏபிஐ எஸ்பி கிரேடு, ஃபோக்ஸ்வாகன் அப்ரூவல் உள்ளதா பாத்து வாங்குங்க, நான் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்திடறேன். ப்ளக்கும் புதுசா போட்டுட்டு அப்புறம் மேப் ஏத்துங்க.

காகிதம்_முக்கியம்:

டவுன்பைப் விஷயத்துக்கு நான் வர்றேன், இன்சூரன்ஸ்ல வேலை பாக்கறவன்.

இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஹெட்டோட சேர்ந்தே வருது, டர்போவ ஒட்டினாப்புலயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தம் பண்ற பாகம்) இருக்கும். கடைக்காரங்க டவுன்பைப்னு சொல்றது பெரும்பாலும் அந்த கன்வெர்ட்டர எடுத்துட்டு வெறும் குழாய மாட்டறது. புகையோட நாத்தம் ஏசி வழியா உள்ள வரும், குழந்தைங்கள வச்சுட்டு போறீங்கன்னா யோசிங்க. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)படி புகை, சத்தம் விதிய மீறினா முதல் தடவையே பத்தாயிரம் வரைக்கும் அபராதம், லைசென்ஸும் மூணு மாசம் போகலாம். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் தெளிவா சொல்லிருச்சு, ஆர்சில இருக்கற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு. ஓனர் அப்படி மாத்தினா 182ஏ(4)ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலுக்கும் இடமிருக்கு.

என் மேசைக்கு வர்ற க்ளெய்ம்ல நான் பாக்கறது என்னன்னா, ஆக்சிடென்ட்ல பம்பர் போயிருக்கும், ஆனா சர்வேயர் பானட்ட தூக்கினதும் கண்ணுல படறது சேப்பு கலர் கோன் ஃபில்டர். அங்க ஆரம்பிக்குது கேள்வி. ரீமேப் பண்ணினா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லிடுங்க, ப்ரீமியம் ஏறினாலும் பரவால்ல. கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க, ஃபோக்ஸ்வாகன் க்ரூப் வண்டில ஈசியூ மாத்தி எழுதினது கண்டுபிடிச்சா சர்வீஸ் சிஸ்டத்துல டிடி1னு குறிச்சிடுவாங்க, அது அந்த வண்டியோடவே போகும்.

பொள்ளாச்சி_டர்போ:

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்பிடறேன்ங்க. கடைக்காரருக்கு போன் பண்ணி பேக்கேஜ் வேணாம்னு சொல்லிட்டேன், டார்க் 200க்குள்ள நிறுத்த முடியுமான்னு கேட்டதுக்கு அப்படி யாரும் கேட்டதில்லைங்கன்னு சொன்னாரு. அதனால ரீமேப் இப்போதைக்கு இல்ல, வேற ஆள் பாக்கணும்.

வைகைக்கரை அண்ணன் சொன்னதுக்கப்புறம் டார்ச் எடுத்துட்டுப் போய் டயர்ல இருக்கற நம்பரப் பாத்தேன். நாலுலயும் 3920. 2020ல 39வது வாரம் செஞ்சதுங்க, வண்டியோடவே வந்தது. பட்டன் இன்னும் மூணு நாலு மில்லி இருக்குது, அதனால நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா நகத்த வச்சு அழுத்தினா உள்ளயே போகல, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருக்கு, ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு. போன ஐப்பசி மழைல ஒன்பதாவது வளைவுல முன்னாடி வீல் வழுக்கினது இதனாலதான்னு இப்பத்தான் புரியுது.

நாலு டயர், பிரேக் ஆயில், முன்னாடி பேடு, ப்ளக்கு, ஓபிடி ரீடர். வெள்ளிக்கிழமை மாட்டிட்டு ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஏறறேன், முதல் லாக்க இங்கயே போடறேன். 205/50 ஆர்16 போட்டா ரிம்முக்கு ஒத்து வருமா, இல்ல 195லயே இருந்துக்கட்டுமாங்க?

வைகைக்கரை:

195லயே இருங்க தம்பி. 205/50 ரிம்முல உக்காரும், ஆனா டயரோட விட்டம் ஒன்பதரை மில்லி சின்னதாகும், வண்டி இன்னும் தாழும். பேடு புதுசுல மொத முன்னூறு கிலோமீட்டருக்கு மெதுவா பிடிச்சுப் பழக்குங்க, ஞாயித்துக்கிழமையே மலை வேணாம், அதுக்கடுத்த வாரம் ஏறுங்க.