அன்றாடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் சிவப்பு ஒயின்: இனிப்பா, துவர்ப்பா?

பாலக்கோட்டு மாந்தோப்பு:
இரவு உணவோடு ஒரே ஒரு கோப்பை சிவப்பு ஒயின் அருந்துகிற, பாட்டிலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட விரும்பாத என்னைப் போன்றவர்களுக்கு, நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் இனிப்பான போர்ட் ஒயினே கொடுத்த காசுக்கு ஏற்ற சரக்கு என்று நான் கருதுகிறேன். ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை இளக்காரமாகவே பேசுகிறார்கள். சிக்கபள்ளாபூர்ப் பக்கம் விளைந்து இந்த ஒயினாகும் பெங்களூர் ப்ளூ திராட்சையின் மணம் நமக்குச் சிறுவயதிலிருந்தே பழகிய மணம். விலையும் இனிப்பில்லாத 'டிரை' ஒயினைவிடக் கணிசமாகக் குறைவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

ஓசூர் துவர்ப்பு:
ஐயா, காரணத்தோடே மறுக்கிறேன். பெங்களூர் ப்ளூ உண்பதற்கும் சாறு பிழிவதற்கும் நல்ல பழம்தான். ஆனால் அது அமெரிக்க வம்சமான லப்ரஸ்கா திராட்சை என்பதால், ஒயின் ஆனதும் ஷிராஸ், கேபர்நே போன்ற ஐரோப்பிய வம்சத் திராட்சைகள் தரும் ஆழம் அதில் வருவதில்லை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் நொதித்தலின் நடுவே திராட்சைச் சாராயம் சேர்த்து, ஏறத்தாழ 20 விழுக்காடு ஆல்கஹாலோடு உருவாகும் போர்ட்டுக்கும் நம் கடைப் போர்ட்டுக்கும் உறவு மிகவும் தூரம். இனிப்பு, பழத்தின் குறையையும் நொதித்தலின் குறையையும் ஒருசேர மூடிவிடுகிறது. டிரை ஒயினில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

விலைக் கணக்கும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. கண்ணாடி, மூடி, லேபிள், லாரி வாடகை ஆகியவை மலிவான பாட்டிலுக்கும் சற்றே விலை கூடியதற்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மிக மலிவான பாட்டிலில் உள்ளே இருக்கும் ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். அதனால் இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து, 1988-இல் தொடங்கிய குரோவர் திராட்சைத் தோட்டங்கள் உள்ள நந்தி மலைப் பகுதியிலிருந்தோ, 1999-இல் சூலா ஒயின் நிறுவனம் தொடங்கப்பட்ட நாசிக்கிலிருந்தோ வரும் சாதாரண ஷிராஸ் ஒன்றை வாங்குவதுதான் சிக்கனம்.

பாலக்கோட்டு மாந்தோப்பு:
இருநூறு ரூபாய் கூட்டினால் அது திராட்சைக்குப் போகும் என்பது தமிழ்நாட்டில் அப்படியே பொருந்தாது. இங்கே மதிப்புக் கூட்டு வரி விழுக்காட்டுக் கணக்கில் விழுவதால், விலை ஏற ஏற வரியும் கூடவே ஏறுகிறது.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உள்ளது. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பைகள். வீட்டில் நான் ஒருவன் மட்டுமே, அதுவும் நாள்தோறும் அல்லாமல், அருந்துகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரி மாவட்டத்து வெயிலில் திறந்து வைத்த டிரை ஒயின் மூன்றாம் கோப்பைக்குள் புளித்துப் போகிறதென்றால், எஞ்சிய இரண்டு கோப்பைகளின் விலையும் சேர்ந்துதான் அதன் உண்மையான விலை. உங்கள் சிக்கனம் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய்விடுகிறது. அடுத்து, எங்கள் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பின் காரம் வாயில் இருக்கும்போது துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலை இரட்டிப்பாக்குகின்றன. சற்று இனிப்பு இருந்தால் அது தணிகிறது.

கிருஷ்ணகிரி அணைக்கட்டு:
இருவரும் குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிட்டீர்கள். திறந்த சிவப்பு ஒயினை மூடிபோட்டு உள்ளே வைத்தால் மூன்று முதல் ஐந்து நாட்கள் குடிக்கத்தக்கதாகவே இருக்கும். திறந்த அன்றே பாதியைச் சுத்தமான சிறு பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடிவிட்டால், காற்றுக்கு இடமில்லாமல் அது இன்னும் நன்றாக நிற்கும். அருந்துவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது 16 முதல் 18 டிகிரி உள்ள அறைகளுக்குச் சொன்னது. நம் ஊர் அறைகளுக்கு அல்ல.

கடையில் பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டிலை, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், எடுக்காதீர்கள். இந்த விலையில் உள்ள ஒயின்கள் பல ஆண்டுகள் வைத்திருந்து அருந்துவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், லேபிளில் உள்ள அறுவடை ஆண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். கார்க்கைவிடத் திருகு மூடி நல்லது. தனியாக அருந்துபவர் 375 மில்லி அரைப் பாட்டில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். மில்லிக் கணக்கில் விலை சற்றுக் கூடினாலும் வீணாவதில்லை.

வெளிநாட்டு ஒயின் மலிவாகும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில், 150 விழுக்காடாக இருந்த சுங்க வரி 100 ஆகக் குறைந்தது, இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேலுள்ள பாட்டில்களுக்கே. அன்றாட விலைக்கு வரக்கூடிய மலிவுச் சரக்கு அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது.

தொரப்பள்ளி வழி:
அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் வாங்கி வரலாமே என்று யாராவது எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கர்நாடகத்தில் வாங்கியதை உரிமமின்றி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். நம் மண்ணின் வரலாறும் விநோதமானது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1937-இல் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது, இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான்.

எனக்கு உறுத்துவது 'அன்றாடம்' என்பதே. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று ஆல்கஹாலுக்கு எதுவும் இல்லை எனத் தெளிவாகவே அறிவித்தது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு யாரும் தொடங்க வேண்டாம்.

ஓசூர் துவர்ப்பு:
உடல்நலத்துக்காக அருந்துவதாக நான் எங்கும் சொல்லவில்லை, ருசிக்காகத்தான். ஆனால் உடல்நலத்தைத் தொட்டுவிட்டதால் சொல்கிறேன். ஐரோப்பிய விதிப்படி பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை எஞ்சினால் டிரை, 45 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் இனிப்பு ஒயின். அந்தக் கீழ் எல்லையிலேயே 150 மில்லிக் கோப்பையில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரை சேர்கிறது. வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் காலத்தில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காரத்தைப் பற்றி ஐயா சொன்னது சரிதான். குழம்போடு டிரை ஒயின் பொருந்தாது. ஆனால் மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சி வறுவலோடு அருந்திப் பாருங்கள். அந்தக் கொழுப்பைத் துவர்ப்பு வெட்டும். இனிப்பு அங்கே திகட்டும்.

பாலக்கோட்டு மாந்தோப்பு:
வறுவல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். அன்றைக்கு அணைக்கட்டு நண்பர் சொன்ன அரைப் பாட்டில் ஷிராஸை வாங்கிப் பார்க்கிறேன், குளிர்சாதனப் பெட்டி வழியாகவே. மற்ற நாட்களுக்குப் போர்ட்தான், அளவை அரைக் கோப்பையாகக் குறைத்துக்கொண்டு. தர்மபுரிக் கடைகளில் எங்கே அரைப் பாட்டில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.