மார்கழிக் காலையில டிராக்டர் எடுக்க மாட்டேங்குது, வெறும் வெள்ளைப் புகை

வடுவூர்ப் பக்கம்:
அப்பா காலத்து 35 எச்.பி. வண்டி, மூணு சிலிண்டர். பத்து நாளா விடியக்காலையில செல்ஃப் அடிச்சா இழுத்து இழுத்துச் சுத்துது, சைலன்சர்ல வெள்ளைப் புகை. பக்கத்து வண்டியில கயிறு கட்டி இழுத்து எடுத்துட்டா அப்புறம் பொழுதுக்கும் தொந்தரவு இல்ல. மெக்கானிக் டீசல் பம்பைக் கழட்டணும்ங்கிறார். சம்பா அறுப்பு வந்துடுச்சு. என்ன செய்யலாம்?

கோட்டூர் விவசாயி:
பனிதான் தம்பி. வைக்கோலைக் கொளுத்தி ஏர் கிளீனர் வாயில காட்டுங்க, எடுத்துக்கும்.

பழைய டீசல் மெக்கானிக்:
அண்ணே, அது ஆயில் ஊத்துற ஏர் கிளீனர். தீ உள்ள போனா வண்டியே போயிடும். நம்ம மார்கழி 20 டிகிரியைச் சுத்திதான் இருக்கும், இதுக்கெல்லாம் டீசல் வண்டி படுக்காது.

தம்பி, பம்ப்ல கை வைக்காதீங்க. வெள்ளைப் புகைன்னா டீசல் வருது, பத்தலன்னு அர்த்தம். டீசலே வரலன்னா புகையே இருக்காது. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கா இருக்கு? காத்தை நசுக்குற சூட்டுலதான் பத்தணும். மெதுவா சுத்துனா காத்து ரிங் இடுக்குல கசியும், சூட்டைச் சில்லிட்ட சிலிண்டர் வாங்கிக்கும். இன்ஜின் சூடானப்புறம் அதே மந்தச் சுத்துக்கே எடுத்துடும். அதான் பகல்ல தொந்தரவு இல்ல.

டீசலை நிறுத்துற ஸ்டாப் நாபை, வண்டி எடுக்காம இருக்க, இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வோல்ட் மீட்டர்ல ஒரு முனை பேட்டரியோட எர்த் கம்பத்துல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்குல. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா செல்ஃபுக்குப் போற கரண்டைத் தடுத்து மெதுவா சுத்த வைக்கிற திருடன் எர்த் வயர்தான்.

வடுவூர்ப் பக்கம்:
1.6 காட்டுதுண்ணே! எர்த் போல்ட்டைக் கழட்டினா அடியில பெயிண்ட், மேல பச்சைப் பூப்பு. போன வருஷம் பெயிண்ட் அடிச்சவன் அதையும் சேத்து அடிச்சிருக்கான். உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்கிட்டேன். இன்னைக்குக் காலையில ரெண்டாவது செல்ஃப்ல எடுத்துடுச்சு. முதல் ஒரு நிமிஷம் மட்டும் லேசா வெள்ளைப் புகை.

பழைய டீசல் மெக்கானிக்:
அது பரவாயில்ல. வயசான வண்டி, கொஞ்சம் இருமத்தான் செய்யும். அறுப்பு முடிஞ்சதும் நாசிலையும் வால்வு கேப்பையும் பாத்துடுங்க. போல்ட்டுல கிரீஸ் தடவியாச்சா?

வடுவூர்ப் பக்கம்:
இல்லண்ணே, சாயங்காலம் தடவுறேன்.